கலர் மீனின் சாப்பாட்டுக் கதை



நம் குழுக்களில் கறவை மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடு, கோழி, தையல், ஊறுகாய், மசாலாப் பொடி என்று ஆளுக்கொரு தொழில் இருக்கிறது. நானும் எங்கள் குழுவில் இன்னும் நாலு பேரும் கலர் மீன் வளர்க்கிறோம். ஆரம்பத்தில், "குழம்பு வைக்க முடியாத மீனை வளத்து என்னளா செய்யப் போறிய?" என்று எங்க சின்னம்மை கேட்டாவ. "அதை வித்த காசுல குழம்பு மீன் வாங்கலாம் சின்னம்மை" என்று சொன்னேன்.

இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது மீனின் சாப்பாட்டைப் பற்றியே எழுத நினைத்தேன். தொட்டி, தண்ணீர், மோட்டார் பற்றியெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் லாபத்தையும் நட்டத்தையும் முடிவு செய்வது தீனிதான். அந்தத் தீனியைப் பல நாட்டு மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தால், நம் தொட்டியில் எதைப் போடணும், எதைப் போடக் கூடாது என்பது மனசில் நிற்கும்.

பீடித்தட்டும் மீன் தொட்டியும்

நம் கடையநல்லூர் தறிச் சத்தம் கேட்ட ஊர். தறியில் பிழைப்பு போதாதபோது ஆண்கள் கப்பலேறினார்கள். 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் தொடங்கும் அளவுக்கு நம் ஊர்க்காரர்கள் அங்கே இருந்தார்கள். பிறகு வளைகுடா நாடுகள் வந்தன. ஊரில் இருந்த பெண்களுக்குக் கிடைத்தது பீடித்தட்டு. குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டி, தூள் போட்டு, நூல் கட்டி வளர்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்தத் தூளில் வந்த இருமலும் நமக்குத் தெரியும்.

1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதி உதவியோடு சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. 1997-ல் மகளிர் திட்டம் வந்த பிறகு குழு என்பது ஊர் ஊராகப் பரவியது. சேமிப்பு வந்தது, கடன் வந்தது. அடுத்து வந்த கேள்வி, "வாங்குன கடனை வச்சி என்ன தொழில் செய்ய?" என்பது. கலர் மீன் அதற்கு ஒரு பதில். வீட்டுப் புறவாசலில் நாலு சிமெண்ட் தொட்டி வைத்தால் போதும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, சோறு வடித்துவிட்டுச் செய்யலாம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புறவாசல் அலங்கார மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கு அதில் 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள். மீதியை நாம் போடணும், இல்லையென்றால் கடன் வாங்கணும். கடன் வாங்கின பிறகு மீன் செத்தால் தவணை சாகாது. அதனால்தான் தீனியைப் பற்றி இவ்வளவு கவலை.

பாபநாசத்துப் பொரி

மீனுக்குத் தீனி போடுவது நமக்குப் புதுசு இல்லை. பாபநாசம் கோயிலுக்குப் போனால் தாமிரபரணிப் படித்துறையில் நின்று பொரி வாங்கிப் போடுகிறோம். கூட்டமாக மீன் வந்து வாயைப் பிளக்கும். குடிதண்ணீர்க் கிணற்றில் கெண்டைக் குஞ்சு விட்டு வைத்தார்கள் நம் பாட்டிமார். அது புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். அந்த மீனுக்கு யாரும் சாப்பாடு போட்டதில்லை.

ஆற்று மீன் நம்ம பொரியை மட்டும் நம்பி இல்லை. பாறையில் பாசி இருக்கிறது, மண்ணில் புழு இருக்கிறது, தண்ணீர் மேலே பூச்சி விழுகிறது, கரையில் இருந்து பழமும் பூவும் விழுகின்றன. அது தனக்கு வேண்டியதைத் தேடித் தின்னும். தொட்டியில் போட்ட மீன் எங்கே போய்த் தேடும்? நாம் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. தொட்டி மீனுக்கு நாமதான் ஆறு. இந்த ஒரு விஷயத்தை உலகம் புரிந்துகொள்ளப் பல நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

சீனா முதல் மெரினா வரை

அழகுக்காக மீன் வளர்ப்பதில் முன்னோடி சீனா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், சுங் வம்ச காலத்தில், குளத்துக் கெண்டை வகையில் சிவப்பாகப் பிறந்ததைப் பிரித்து வளர்த்து வளர்த்துத்தான் இன்றைய தங்கமீன் வந்தது. பிறகு அதைப் பானையிலும் தொட்டியிலும் வைக்கப் பழகினார்கள். 1596-லேயே அங்கே தங்கமீன் வளர்ப்புக்கென்று தனிப் புத்தகம் எழுதிவிட்டார்கள். குளத்தில் மிதக்கும் சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகளைத் துணிவலையில் அள்ளி வந்து போடுவது அவர்கள் வழக்கம்.

ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டி பிரபலமானது 19-ஆம் நூற்றாண்டில். 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீனோடு நீர்ச்செடியும் நத்தையும் சேர்த்து வைத்தால் தண்ணீர் கெடாமல் நிற்கிறது என்று எழுதினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்கள் பார்க்க மீன் இல்லம் திறந்தார்கள். நம் சென்னையிலும் மெரினா கடற்கரையில் 1909-ல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அது மூடப்பட்டது. மும்பையில் தாராபூர்வாலா மீன் காட்சியகம் 1951-ல் வந்தது.

இவ்வளவு நடந்தும், வீட்டில் மீன் வைத்தவர்கள் பலர் ரொட்டித் தூளைத்தான் போட்டார்கள். நாமும் அப்படித்தானே? வீட்டுக்கு மீன் தொட்டி வாங்கினவுடன் பிள்ளைகள் பிஸ்கட்டை நொறுக்கிப் போடும். மீன் தின்னும், பிள்ளை கைதட்டும். நாலு நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். மாவுச்சத்து மட்டும் உள்ளே போனால் மீனுக்கு வளர்ச்சி இல்லை, மிச்சம் தண்ணீரில் அழுகி அமோனியா ஆகிறது. பட்டினியும் விஷமும் ஒரே கையால் வந்த மாதிரி.

உயிர்த்தீனியும் கொசுப்புழுவும்

மீன் வளர்த்தவர்கள் முதலில் கண்டுபிடித்த நல்ல சாப்பாடு உயிர்த்தீனி. அதில் நமக்கு நன்றாகத் தெரிந்தது கொசுப்புழு. கப்பி மீன் தென் அமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்தது. அங்கிருந்து 1866-ல் லண்டனுக்கு அதை அனுப்பியவர் கப்பி என்பவர், அதனால் அந்தப் பேர். 1908-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுப்புழுவைத் தின்பதுதான் காரணம். அதே வேலைக்காக 1928-ல் கம்பூசியா மீனும் வந்தது.

கொசுப்புழு நல்ல தீனி என்றதும் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துப் புழு வளர்க்கக் கூடாது. 2012-ல் டெங்குக் காய்ச்சல் நம் கடையநல்லூரை என்ன பாடு படுத்தியது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். எத்தனை வீட்டில் இழவு விழுந்தது! ஒரு வாரம் தண்ணீர் அசையாமல் நின்றால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். மீன் வளர்க்கும் வீட்டில் எல்லாத் தொட்டியிலும் மீன் இருக்கணும், காலித் தொட்டி காய்ந்து கிடக்கணும். மீன் வளர்க்கிறவள் வீட்டில் கொசு இல்லை என்று தெருவே சொல்லணும்.

அடுத்தது சிவப்புப் புழு. கடைகளில் டியூபிபெக்ஸ் என்பார்கள். மீன் ஆசையாகத் தின்னும். ஆனால் சாக்கடைச் சேற்றில் வளர்வது அது. ஓடுகிற சுத்தத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் வைத்துக் கழுவாமல் போட்டால் நோயையும் சேர்த்துப் போட்ட மாதிரி ஆகும்.

மூன்றாவது ஆர்ட்டீமியா. உப்பளத்து நீரில் வாழும் சின்ன இறால் வகை. இதன் முட்டை காய்ந்து தூள் போலக் கிடக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் உயிர் வந்துவிடும். 1930-களில் அமெரிக்காவில் சீல் என்பவரும் நார்வேயில் ரோலெப்சன் என்பவரும், புதிதாகப் பொரித்த இந்தக் குஞ்சுகள் மீன் குஞ்சுக்கு அருமையான தீனி என்று எழுதினார்கள். டப்பாவில் வைத்திருந்து வேண்டிய நாளில் உயிர்த்தீனி செய்யலாம் என்ற வசதி அதில்தான் வந்தது. நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்து, காற்றுக்குழாய் போட்டு, வெளிச்சத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் போட்டுவிடணும். நேரம் ஆக ஆக அதன் உடம்பில் உள்ள சத்து குறையும்.

டப்பாத் தீனி வந்த கதை

1950-களில் ஜெர்மனியில் உல்ரிச் பென்ஷ் என்பவர், பலவகைப் பொருள்களை அரைத்து, அப்பளம் போல மெல்லிசாகக் காயவைத்து, தூள் தூளாக்கி டப்பாவில் அடைத்தார். டெட்ராமின் என்று பேர். அதற்குப் பிறகு, புழு பிடிக்கப் போகாமலே யாரும் வீட்டில் மீன் வளர்க்கலாம் என்று ஆனது. அதே காலத்தில் பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்து விமானத்தில் மீன் அனுப்பப் பழகினார்கள். சிங்கப்பூர் உலகத்துக்கே கலர் மீன் ஏற்றுமதி செய்யும் ஊராக வளர்ந்தது. நம் நாட்டில் சென்னை கொளத்தூர் கலர் மீனுக்குப் பேர்போன இடமானது.

அமெரிக்காவில் ஜான் ஹால்வர் என்ற விஞ்ஞானி 1957-ல் ஒரு வேலை செய்தார். சுத்தமான சத்துப் பொருள்களை அளந்து கலந்து சால்மன் மீனுக்குக் கொடுத்தார். பிறகு ஒரே ஒரு வைட்டமினை மட்டும் நிறுத்திப் பார்த்தார். எதை நிறுத்தினால் மீனுக்கு என்ன ஆகிறது என்று இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உதாரணத்துக்கு வைட்டமின் சி. நம்மைப் போலவே பெரும்பாலான மீன்களாலும் அதை உடம்புக்குள் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில் அது இல்லாவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும். வளைந்த குஞ்சைப் பார்த்து "கண்ணு பட்டுட்டு" என்று சொல்லும் அக்காமார் நம்மில் உண்டு. பிறவியிலேயே வளைவதும் உண்டுதான். ஆனால் முதலில் தீனியைப் பாருங்கள்.

நிறமும் அப்படியே. மீன் தன் சிவப்பையும் ஆரஞ்சையும் தானே உண்டாக்காது. பாசி, இறால், பூ இவற்றில் உள்ள நிறச்சத்தைத் தின்றுதான் அதன் உடம்பு நிறமாகும். வெறும் தவிடு போட்டால் தங்கமீன் வெளுத்துப்போகும். வெளுத்த மீனை வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். நம் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் விலை போகாமல் மிஞ்சும் கேந்திப்பூ இதழைக் காயவைத்துப் பொடித்துச் சேர்த்தால் தங்கமீனுக்கு நிறம் ஏறும். இறால் தலை, கேரட், ஸ்பைருலினா என்ற நீர்ப்பாசியும் அதே வேலை செய்யும்.

வான்கோழிகள் சொன்ன பாடம்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்று தெரியவில்லை. கடைசியில் பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது தெரிந்தது. அந்தப் பூஞ்சை விடும் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பேர் வைத்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் டிரவுட் மீன் பண்ணைகளில் ஏராளமான மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. அங்கே குற்றவாளி பூஞ்சை பிடித்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.

இதை நான் ஏன் சொல்லுகிறேன்? நம் ஊர் குற்றாலத்துச் சாரல் அடிக்கும் ஊர். ஆனியிலும் ஆடியிலும் காற்றே ஈரமாக இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை. புண்ணாக்கு மூட்டையைச் சுவரோரம் தரையில் வைத்தால் பத்து நாளில் பச்சை பூக்கும். "கழுவிட்டுப் போட்டா என்ன?" என்று கேட்காதீர்கள். அந்த விஷம் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். பலகை மேல் வையுங்கள். மூடி போட்ட டப்பாவில் அடையுங்கள். பூத்ததைப் புதைத்துவிடுங்கள்.

எந்த மீனுக்கு என்ன?

வீட்டில் ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குப் பத்தியம் என்று பார்த்துச் சமைக்கிறோம். மீனுக்கும் அந்தப் பார்வை வேணும். வாயைப் பார்த்தாலே பாதி தெரியும். வாய் மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் மேலே மிதப்பதைத் தின்னும், கப்பி போல. வாய் கீழ்நோக்கி இருந்தால் தரையில் கிடப்பதைத் தின்னும்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடணும். வேகவைத்த பட்டாணி, கீரை அதுக்கு நல்லது. மோலி மீனுக்குப் பாசியும் கீரையும் கட்டாயம். ஃபைட்டர் மீன் புழு பூச்சி தின்னும் ஜாதி, தவிட்டில் வாழாது. கப்பி எல்லாம் தின்னும். குஞ்சுகளுக்கு முதல் சில நாள் வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. பெரிய மீனுக்கு இரண்டு தடவை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பெரிய மீன் விரதம் இருக்கலாம், ஒன்றும் ஆகாது.

நம்ம அடுப்பில் செய்யும் தீனி

நாங்கள் செய்யும் ஒரு கிலோ தீனிக்குக் கணக்கு இது. உப்புப் போடாத மீன் தூள் 350 கிராம், கடலைப் புண்ணாக்கு 300 கிராம், அரிசித் தவிடு 200 கிராம், மரவள்ளி மாவு 120 கிராம், மீன் எண்ணெய் 10 கிராம், வைட்டமின் தாதுக் கலவை 20 கிராம். இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம் வரும். உப்புக் கருவாடு ஆகாது.

வைட்டமினும் எண்ணெயும் தவிர மற்றதைச் சலித்து, தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, இட்லிக் கொப்பரையில் இருபது நிமிடம் அவிக்கணும். ஆறின பிறகு வைட்டமினும் எண்ணெயும் சேர்க்கணும், சூட்டில் சேர்த்தால் வைட்டமின் சி செத்துப்போகும். இடியாப்ப உரலில் பிழிந்து, நிழலில் காயவைத்து, மீன் வாய்க்குத் தக்க நொறுக்கினால் முடிந்தது. இதையே முழுநேரச் சாப்பாடாக வைத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் உயிர்த்தீனியும் கீரையும் மாற்றிப் போடுகிறோம்.

இதில் நமக்குத் தெரியாத வேலை எது? சலிப்பது, பிசைவது, அவிப்பது, பிழிவது, காயவைப்பது எல்லாம் நம் அம்மாமார் வடகத்துக்கும் இடியாப்பத்துக்கும் சொல்லித் தந்ததுதான். விஞ்ஞானி கண்டுபிடித்த சத்துக் கணக்கும் நம் அடுப்படிக் கைப்பழக்கமும் இங்கே ஒன்று சேருகின்றன.

ஒரு வேண்டுகோள்

ஒடிசாவில் தேவ்கட் மாவட்டத்துக் கிராமங்களில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கலர் மீன் வளர்த்து ஊருக்கே பேர் வாங்கினார்கள். மீன் வளர்ப்பில் தினசரிச் செலவில் பெரிய பங்கு தீனிக்குத்தான் போகிறது. நாம் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகச் சின்ன டப்பா வாங்கினால் அந்தக் காசு கடைக்குப் போகும். விலை தாங்காமல் தவிட்டை மட்டும் போட்டால் மீன் வெளுக்கும், குஞ்சு சாகும், தவணை நிற்கும்.

அதனால் கூட்டமைப்பு முன்னால் ஒரு யோசனை வைக்கிறேன். மீன் வளர்க்கும் குழுக்கள் எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு நாள் ஒரே இடத்தில் தீனி செய்வோம். மீன் தூளும் வைட்டமினும் மொத்தமாக வாங்கலாம், புண்ணாக்கை நாலு கண் பார்த்துச் சோதிக்கலாம், ஒருத்தி கற்றதை இன்னொருத்திக்குச் சொல்லலாம். அமர்வுப் புத்தகத்தில் சேமிப்பு எழுதும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், எந்த வாரம் என்ன தீனி போட்டோம், எத்தனை குஞ்சு பிழைத்தது என்றும் எழுதிவைப்போம். அடுத்த மலரில் எழுதப் போகிறவளுக்கு அந்தக் கணக்கே வரலாறாக இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவு செய்ய எல்லோரும் வாருங்கள்.